டிஸ்க் போன பிறகு: முழு பேக்கப்பிலிருந்து டெபியன் 12-ஐ மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி

டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பை) புதிய டிஸ்க்கில் விரித்துவிட்டால் லினக்ஸ் திரும்பி வந்துவிடும் என்று நம்பி ரீபூட் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு க்ரப் ப்ராம்ப்ட்தான் (பூட்லோடர் சிஸ்டத்தைக் காணாமல் நிற்கும் திரை). கோப்புகள் திரும்புவது வேலையின் எளிய பாதி. அந்தக் கோப்புகள் எந்த டிஸ்க்கில், எந்த யூயூஐடியில் (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்), யாருடைய உரிமையில் இருந்தன என்பதை சிஸ்டம் ஐந்தாறு இடங்களில் எழுதி வைத்திருக்கிறது. புதிய டிஸ்க்கில் அவை எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மீட்பு சறுக்கும் இடம் அநேகமாக அதுதான். எனவே விரிக்கும் கட்டளைக்கு இங்கே சில பத்திகள்தான். அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றுக்குத்தான் மீதி இடமெல்லாம்.

எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு இது. டெபியன் 12 (புக்வோர்ம்), யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் 64 பிட் மெஷின், 500 ஜிபி என்விஎம்இ டிஸ்க், அதில் மூன்று பார்ட்டிஷன்: இஎஃப்ஐ (பூட் கோப்புகளுக்கு), ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக), எக்ஸ்ட்4 ரூட் (சிஸ்டம் இருக்கும் இடம்). பேக்கப் வெளி யூஎஸ்பி டிஸ்க்கில் இருக்கிறது: இசட்எஸ்டிடியால் சுருக்கிய ரூட்டின் டார் ஒன்று, இஎஃப்ஐ பார்ட்டிஷனின் சிறிய டார் ஒன்று. உபுண்டு, மின்ட் ஆகியவற்றுக்கும் இதே வழிதான். ரெட்ஹாட் குடும்பம் எங்கே விலகுகிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம். கட்டளைகளும் தெரிவுகளும் உச்சரிப்புப்படி தமிழில் உள்ளன. விசைப்பலகையில் தட்டும்போது வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சிறிய எழுத்து.

மீட்பு தேவைதானா?

மெஷின் எழவில்லை என்றவுடன் பேக்கப் டிஸ்க்கைத் தேட வேண்டாம். க்ரப் மெனு வந்து, கர்னல் ஓடி, பிறகு 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் நின்றால், அது பெரும்பாலும் எஃப்எஸ்டேப் (எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) கோப்பில் உள்ள ஒரு தவறான வரி. லாகின் திரை வந்து, பாஸ்வேர்டு போட்டதும் மீண்டும் அதே திரை வந்தால், டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு பூட் பட்டியலில் டெபியன் பெயரே காணாமல் போனால், க்ரப்பை மட்டும் மறுபடி நிறுவினால் போதும். இந்த மூன்றுக்கும் பேக்கப்பைத் தொட வேண்டியதில்லை.

டிஸ்க் மீது சந்தேகம் இருந்தால் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, டிமெஸ்ஜ் (கர்னலின் பதிவு) வெளியீட்டில் ஐ/ஓ எரர் வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பிறகு ஸ்மார்ட்சிடிஎல் -ஏ ஓட்டுங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் கரன்ட் பெண்டிங் செக்டர், ரீஅலொகேட்டட் செக்டர் ஆகிய இரண்டு எண்களும் முக்கியம். என்விஎம்இ என்றால் கிரிட்டிகல் வார்னிங் பூஜ்யமாகவும், மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ் பூஜ்யமாகவும் இருக்க வேண்டும்.

சாகிற டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் கருவி) ஓட்டுவது தவறு. அது டிஸ்க்கில் எழுதும். மிச்சம் இருப்பதையும் குலைக்கும். கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த கோப்புகள் வேண்டுமென்றால், முதலில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு டிஸ்க்கில் முழு இமேஜ் எடுங்கள். மேப் கோப்பின் பெயரையும் கொடுத்தால்தான் இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எஃப்எஸ்சிகேயை அந்த இமேஜின் நகலில் ஓட்டிக்கொள்ளலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தும் கோப்புகள் கெட்டுப்போயிருந்தால் சந்தேகம் ரேம் பக்கம் திரும்ப வேண்டும். மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓடட்டும். கெட்ட ரேம் உள்ள மெஷினில் மீட்டால், மீட்ட கோப்புகளும் கெடும். இன்னொன்று: யாரோ உள்ளே புகுந்ததால்தான் இந்த நிலை என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது அல்ல. புதிதாக நிறுவி, தரவை மட்டும் கொண்டு வாருங்கள். எந்தத் தேதிக்கு முந்தைய பேக்கப் சுத்தமானது என்று உறுதியாகத் தெரியாதவரை, பழைய சிஸ்டத்தைக் கொண்டு வந்தால் புகுந்தவரையும் சேர்த்துத்தான் கொண்டு வருகிறீர்கள்.

லைவ் யூஎஸ்பியும் பூட் முறையும்

டெபியன் 12 லைவ் இமேஜ் போதும். செக்யூர் பூட் இயங்கும் மெஷினிலும் அது எழும். சிஸ்டம்ரெஸ்க்யூ இன்னும் வசதி, தேவையான கருவிகள் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கும். எது ஆனாலும் முதல் வேலை, /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் யூஎஸ்பி பழைய பயாஸ் முறையில் எழுந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மணிக்கணக்காக எல்லாவற்றையும் மீட்டு முடித்த பிறகு, க்ரப் நிறுவும் கட்டளை "இஎஃப்ஐ வேரியபிள்கள் இந்த சிஸ்டத்தில் இல்லை" என்று கைவிரிக்கும். இப்போதே ரீபூட் செய்து, பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது கடிகாரம். மதர்போர்டு பேட்டரி போன மெஷினில் தேதி பல ஆண்டு பின்னால் இருக்கும். டார் விரிக்கும்போது ஒவ்வொரு கோப்புக்கும் "டைம் ஸ்டாம்ப் எதிர்காலத்தில் இருக்கிறது" என்று எச்சரிக்கை கொட்டும். உண்மையான பிழை வரி அந்தக் குவியலில் புதைந்து போகும். டேட் கட்டளையால் நேரத்தைச் சரிசெய்துவிட்டுத் தொடருங்கள். லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். 200 ஜிபி பேக்கப்பை நொடிக்கு 100 எம்பி தரும் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கிலிருந்து படிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே டிஸ்க்கை யூஎஸ்பி 2 துளையில் செருகினால் ஒன்றரை மணி நேரம். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் இன்னும் கூடும்.

டிஸ்க்கை அழிக்கும் முன் பேக்கப்பைச் சோதியுங்கள்

பேக்கப் டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று, அதாவது ஆர்ஓ தெரிவோடு மவுன்ட் செய்யுங்கள். களைப்பில் தவறான டிஸ்க்கின் பெயரைத் தட்டுவது எல்லோருக்கும் நேரக்கூடியது. எழுத முடியாதபடி மவுன்ட் செய்திருந்தால் கோப்பு அளவிலான விபத்துகளாவது தடுக்கப்படும். பார்ட்டிஷன் போடும் கட்டளைக்கு இந்தக் காப்பு செல்லாது. எனவே அந்த நேரத்தில் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றியே வைத்துவிடுங்கள்.

செக்சம் கோப்பு இருந்தால் ஷா256சம் -சி ஓட்டுங்கள். இல்லையென்றால் இசட்எஸ்டிடி --டெஸ்ட் ஓட்டினால் சுருக்கம் உடையாமல் இருக்கிறதா என்று தெரியும். பிறகு டார் --லிஸ்ட் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். அதில் மூன்றைத் தேடுங்கள்: பூட் கோப்புறையில் விஎம்லினஸ் என்று தொடங்கும் கர்னல், எட்சி கோப்புறையில் எஃப்எஸ்டேப், ஹோம் கோப்புறையில் உங்கள் பயனர் பெயர். ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்து, பேக்கப் --ஒன்-ஃபைல்-சிஸ்டம் தெரிவோடு எடுக்கப்பட்டிருந்தால், ஹோம் வெறும் காலிக் கோப்புறையாகத்தான் உள்ளே இருக்கும். இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கும் அதே கதி. "முழு பேக்கப்" என்று லேபிள் ஒட்டிய பல பேக்கப்புகள் முழுமையானவை அல்ல என்பது இந்த இடத்தில்தான் தெரியவரும். பழைய டிஸ்க்கை இன்னும் தூக்கிப் போடாதிருப்பது நல்லது.

இப்போது பழைய எஃப்எஸ்டேப் கோப்பை மட்டும் தனியே எடுங்கள். பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுக்க வேண்டும்: முன்னால் புள்ளியும் சாய்கோடும் இருந்தால் அதையும் சேர்த்து. இல்லையென்றால் கோப்பு இருந்தும் "நாட் ஃபவுண்ட்" என்றே டார் சொல்லும். அதில் உள்ள மூன்று யூயூஐடிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் அவைதான் நமக்குத் துருப்புச் சீட்டு.

புதிய டிஸ்க்கும் பழைய யூயூஐடியும்

எல்எஸ்பிஎல்கே கட்டளையை மாடல், சீரியல் பத்திகளோடு ஓட்டி, எந்தப் பெயர் எந்த டிஸ்க் என்று உறுதிசெய்யுங்கள். அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். 500 ஜிபி டிஸ்க்குகள் இரண்டு இருப்பது சகஜம். டிஸ்க்கே பட்டியலில் இல்லையென்றால் பயாஸில் ஸ்டோரேஜ் முறை ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கக்கூடும். ஏஎச்சிஐக்கு மாற்றிப் பாருங்கள். அதே மெஷினில் விண்டோஸும் இருந்தால் இந்த மாற்றத்தால் அது எழாமல் போகலாம் என்பதை மனதில் வையுங்கள்.

எஸ்ஜிடிஸ்க் --ஜாப்-ஆல் பழைய அட்டவணையை அழிக்கும். பிறகு மூன்று பார்ட்டிஷன்கள்: முதலாவது 512 எம்பி, வகைக் குறி இஎஃப்00. இரண்டாவது 8 ஜிபி, வகைக் குறி 8200, ஸ்வாப்புக்கு. மூன்றாவது மீதி இடம் முழுவதும், வகைக் குறி 8300. பழைய மெஷின் யூஇஎஃப்ஐ இல்லாத பயாஸ் என்றால் இஎஃப்ஐக்குப் பதில் 1 எம்பி அளவில் இஎஃப்02 வகைப் பார்ட்டிஷன் ஒன்று தேவை. அதை ஃபார்மட் செய்யவோ மவுன்ட் செய்யவோ கூடாது. ஜிபிடி டிஸ்க்கில் க்ரப் தன் உடலை அங்கேதான் வைக்கும்.

ஃபார்மட் செய்யும்போது பழைய யூயூஐடிகளையே கொடுத்துவிடலாம். பலரும் இதைச் செய்வதில்லை. செய்தால் பின்னால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி எழவே எழாது.

எம்கேஎஃப்எஸ்.எக்ஸ்ட்4 கட்டளைக்குப் பெரிய எழுத்தில் -யு தெரிவும் பழைய ரூட் யூயூஐடியும்.
எம்கேஸ்வாப் கட்டளைக்கும் அதே பெரிய -யு, பழைய ஸ்வாப் யூயூஐடி.
எம்கேஎஃப்எஸ்.விஃபேட் கட்டளைக்கு பெரிய -எஃப் 32, சிறிய -ஐ, அதோடு இஎஃப்ஐ பார்ட்டிஷனின் 8 இலக்க எண். எஃப்எஸ்டேப்பில் அந்த எண் நடுவே ஒரு கோட்டோடு இருக்கும். இங்கே கோட்டை எடுத்துவிட வேண்டும்.

ஒரே நிபந்தனை: பழைய டிஸ்க் அதே மெஷினில் இணைந்திருக்கக் கூடாது. ஒரே யூயூஐடியில் இரண்டு டிஸ்க் இருந்தால் கர்னல் எதை ரூட்டாக எடுக்கும் என்று சொல்ல முடியாது. சில நேரம் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கையே எடுத்து ஓடும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

லைவ் சிஸ்டம் புதிது, மீட்கப்போகும் சிஸ்டம் பழையது என்றால் இன்னொரு கண்ணி உண்டு. 2023-ல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.47.0 முதல், எக்ஸ்ட்4 ஃபார்மட் செய்யும்போது மெட்டாடேட்டா_சிசம்_சீட், ஆர்ஃபன்_ஃபைல் என்ற இரண்டு அம்சங்கள் இயல்பாகவே சேரும். பழைய க்ரப் 2.06-க்கு முதலாவது புரியாது. பூட்டில் "அன்நோன் ஃபைல்சிஸ்டம்" என்று நிற்கும். பழைய எஃப்எஸ்சிகே இரண்டாவதைப் பார்த்து, "அன்சப்போர்ட்டட் ஃபீச்சர்: ஃபீச்சர்_சி12" என்று சொல்லிச் சோதிக்க மறுக்கும். டெபியன் 12 லைவில் ஃபார்மட் செய்தால் இந்தப் பிரச்சினை இல்லை, அதில் இவை இரண்டும் அணைக்கப்பட்டே வருகின்றன. வேறு புதிய லைவ் என்றால் பெரிய -ஓ தெரிவில் இரண்டு பெயருக்கும் முன்னால் ^ குறி போட்டு நீக்கிவிடுங்கள்.

விரித்தல்

கழற்றி வைத்த பேக்கப் டிஸ்க்கை மறுபடி ஆர்ஓ தெரிவோடு வேறொரு கோப்புறையில் மவுன்ட் செய்யுங்கள். ரூட் பார்ட்டிஷனை /எம்என்டி-யில் மவுன்ட் செய்து, உடனே ஃபைண்ட்எம்என்டி /எம்என்டி என்று சரிபாருங்கள். மவுன்ட் ஆகாமலேயே விரித்தால் கோப்புகள் லைவ் சிஸ்டத்தின் ரேமில் போய்ச் சேரும். சில ஜிபி ஆனதும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" வரும். 500 ஜிபி டிஸ்க் எப்படி நிரம்பியது என்று குழம்புவீர்கள். ரூட் மவுன்ட் ஆன பிறகு /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ கோப்புறையை உருவாக்கி, இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதில் மவுன்ட் செய்யுங்கள்.

கட்டளை இதுதான், ஒரே வரியில் தட்டலாம்:

டார் --எக்ஸ்ட்ராக்ட் --ப்ரிசர்வ்-பெர்மிஷன்ஸ் --நியூமெரிக்-ஓனர் --ஏசிஎல்ஸ் --எக்ஸ்ஆட்டர்ஸ் --எக்ஸ்ஆட்டர்ஸ்-இன்க்லூட்='*.*' --டைரக்டரி=/எம்என்டி --ஃபைல்=பேக்கப்பின் பாதை

இதில் எந்தத் தெரிவும் அலங்காரத்துக்கு இல்லை. --நியூமெரிக்-ஓனர் இல்லையென்றால் டார் உரிமையாளரைப் பெயரால் தேடும். லைவ் சிஸ்டத்தில் அதே பெயரில் ஒரு பயனர் வேறு எண்ணில் இருந்தால், கோப்புகள் அந்த எண்ணுக்குப் போய்விடும். மீட்ட சிஸ்டத்தில் அந்த எண் வேறு ஒரு சேவையுடையதாக இருக்கும். இந்தப் பிழை சத்தமே இல்லாமல் நடக்கும், சேவைகள் ஒவ்வொன்றாக "பெர்மிஷன் டினைட்" சொல்லும்போதுதான் வெளிப்படும். அப்போது திருத்துவதைவிட மறுபடி விரிப்பதே சுலபம்.

--எக்ஸ்ஆட்டர்ஸ்-இன்க்லூட் பற்றிப் பல வழிகாட்டிகள் பேசுவதில்லை. பேக்கப் எடுக்கும்போது --எக்ஸ்ஆட்டர்ஸ் கொடுத்தால் ஜிஎன்யு டார் எல்லா நீட்டிப் பண்புகளையும் சேமிக்கும். விரிக்கும்போதோ, இயல்பாக 'யூசர்.' என்று தொடங்குபவற்றை மட்டுமே திருப்பித் தரும். 'செக்யூரிட்டி.கேப்பபிலிட்டி' விடுபட்டுவிடும். பிங், எம்டிஆர், வயர்ஷார்க்கின் டம்ப்கேப் போன்றவை ரூட் அல்லாத பயனருக்கு வேலை செய்ய அந்தப் பண்பை நம்பியிருப்பவை. '*.*' என்ற வடிவம் கொடுத்தால் எல்லாம் வரும். ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள் என்றால் ஏபிடி இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் கொண்டு ஐபியூடில்ஸ்-பிங் போன்ற பொதிகளை மறுபடி நிறுவினால் பண்பு திரும்பும்.

மெய்நிகர் மெஷின் இமேஜ்கள் போன்ற உள்ளீடற்ற பெரிய கோப்புகள் இருந்து, பேக்கப்பின்போது --ஸ்பார்ஸ் கொடுக்கப்படவில்லை என்றால், 20 ஜிபி மட்டுமே பயன்படுத்திய 100 ஜிபி இமேஜ் முழு 100 ஜிபியையும் பிடிக்கும். அப்படிப்பட்டவற்றை --எக்ஸ்க்லூட் கொண்டு இப்போது விட்டுவிட்டு, கடைசியில் தனியாகக் கொண்டு வரலாம்.

ஒவ்வொரு கோப்புப் பெயரையும் திரையில் ஓடவிட வேண்டாம், வேகம் குறையும். பிழை வரிகளை மட்டும் ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். முடிந்ததும் எக்கோ $? தட்டுங்கள். 0 வந்தால் நலம். 2 வந்தால் அந்தப் பிழைக் கோப்பைத் திறந்து பாருங்கள், அப்படியே மேலே போக வேண்டாம். பிறகு இஎஃப்ஐ டாரை /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ-யில் விரியுங்கள். ஃபேட் கோப்பு முறைமைக்கு உரிமையாளர் என்பதே கிடையாது, எனவே இதில் உரிமை பற்றி எச்சரிக்கை வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

முழு பேக்கப்புக்கு மேல் --லிஸ்டட்-இன்க்ரிமென்டல் முறையில் எடுத்த தினசரி பேக்கப்புகளும் இருந்தால், முழு பேக்கப்பில் தொடங்கித் தேதி வரிசையில், ஒவ்வொன்றையும் --லிஸ்டட்-இன்க்ரிமென்டல்=/டெவ்/நல் என்று சேர்த்து விரியுங்கள். அந்தத் தெரிவு இருந்தால்தான் இடையில் அழித்த கோப்புகளை டார் மீண்டும் அழிக்கும். இல்லையென்றால் அவை எல்லாம் உயிர்த்தெழும். பழைய கட்டமைப்புத் துண்டுகள் அப்பாச்சி, க்ரான் போன்றவற்றின் கோப்புறைகளில் திரும்ப வந்து உட்கார்ந்தால் விளைவு விபரீதம்.

முடிவாக, ப்ராக், சிஸ், டெவ், ரன், டெம்ப் ஆகிய ஐந்து கோப்புறைகளும் /எம்என்டி-யில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேக்கப்பின்போது விலக்கியிருந்தால் அவை இருக்காது. காலிக் கோப்புறையாக உருவாக்குங்கள். டெம்ப் கோப்புறைக்கு 1777 உரிமை வேண்டும். 755-ல் விட்டால் சிஸ்டம் எழும், ஆனால் டேட்டாபேஸிலிருந்து டெஸ்க்டாப் வரை விசித்திரமான பிழைகள் வரும்.

சிஎச்ரூட்டுக்குள்

டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் மவுன்ட் --ஆர்பைண்ட் கொண்டு /எம்என்டி-க்குள் இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மவுன்ட் --மேக்-ஆர்ஸ்லேவ் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் விட்டால், பிறகு /எம்என்டி-யைக் கழற்றும்போது லைவ் சிஸ்டத்தின் டெவ்வும் சேர்ந்து கழன்றுவிடும். பிறகு சிஎச்ரூட் /எம்என்டி, அதாவது /எம்என்டி-யையே ரூட்டாகக் கொண்ட ஷெல்லுக்குள் நுழைவது. இனி தட்டுவதெல்லாம் மீட்ட சிஸ்டத்துக்குள் நடப்பவை.

பழைய யூயூஐடிகளையே வைத்திருந்தால் எஃப்எஸ்டேப்பைத் தொட வேண்டாம். மாற்றியிருந்தால் பிஎல்கேஐடி காட்டும் புதிய எண்களை எஃப்எஸ்டேப்பில் எழுதுங்கள். அதோடு நிற்காமல், இதையும் பாருங்கள்: /எட்சி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம். பழைய ஸ்வாப்பின் யூயூஐடி இதில் தனியாக எழுதப்பட்டிருக்கும். மாற்றாவிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் "கேவ் அப் வெயிட்டிங் ஃபார் சஸ்பெண்ட்/ரெஸ்யூம் டிவைஸ்" என்று அரை நிமிடம் வீணாகும். புதிய டிஸ்க் ஏன் மெதுவாக இருக்கிறது என்று டிஸ்க்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

வேறு டிஸ்க், நெட்வொர்க் பகிர்வு என்று எஃப்எஸ்டேப்பில் கூடுதல் வரிகள் இருந்தால், முதல் பூட்டுக்கு அவற்றின் முன்னால் # போட்டு வையுங்கள். பிறகு ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டினால் மிச்சத் தவறுகளைச் சொல்லிவிடும்.

லக்ஸ் மறையாக்கம் இருந்த மெஷின் என்றால், புதிய லக்ஸ் பெட்டகத்தின் யூயூஐடியை கிரிப்ட்டேபில் (மறையாக்கிய டிஸ்க்குகளின் பட்டியல்) எழுத வேண்டும். லைவ் சிஸ்டத்தில் பெட்டகத்தைத் திறக்கும்போது கொடுத்த பெயரும் கிரிப்ட்டேபில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். வேறுபட்டால் அடுத்த கட்டளை ரூட்டை எப்படித் திறப்பது என்று தெரியாமல் ஒரு எச்சரிக்கை மட்டும் விட்டுவிட்டு நகர்ந்துவிடும். பூட்டில் பாஸ்வேர்டே கேட்காது.

இப்போது இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டை மவுன்ட் செய்யும் வரை கர்னல் பயன்படுத்தும் சிறிய தற்காலிக சிஸ்டம்):

அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்

ஓட்டும் முன் /எட்சி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'மோஸ்ட்' என்று இருக்க வேண்டும். 'டெப்' என்று இருந்தால், பழைய வன்பொருளுக்கான டிரைவர்கள் மட்டுமே பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸில் உள்ளன. சாட்டா டிஸ்க்கிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது கர்னல் தன் ரூட்டையே காண முடியாமல் நிற்பது இதனால்தான்.

க்ரப்:

க்ரப்-இன்ஸ்டால் --டார்கெட்=எக்ஸ்86_64-இஎஃப்ஐ --இஎஃப்ஐ-டைரக்டரி=/பூட்/இஎஃப்ஐ --பூட்லோடர்-ஐடி=டெபியன்
அப்டேட்-க்ரப்

இஎஃப்ஐ டாரை விரித்தோமே, க்ரப்பை எதற்கு மறுபடி நிறுவ வேண்டும்? இரண்டு காரணம். பூட் பட்டியல் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டின் என்விரேமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) இருக்கிறது. அதில் உள்ள வரி பழைய பார்ட்டிஷனைச் சுட்டுகிறது. அடுத்து, இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்குள் டெபியன் கோப்புறையில் சில வரிகளே கொண்ட ஒரு க்ரப்.சிஎஃப்ஜி உண்டு. ரூட்டின் யூயூஐடியைச் சொல்லி, மீதியை அங்கே தேடு என்பதுதான் அதன் வேலை. யூயூஐடி மாறியிருந்து இது மாறாவிட்டால் வெறும் க்ரப் ப்ராம்ப்ட்தான் வரும்.

என்விரேமில் எழுதும் வரியைச் சில மதர்போர்டுகள் மறந்துவிடும். டெபியனிலும் உபுண்டுவிலும் க்ரப்-இன்ஸ்டாலுக்கு --ஃபோர்ஸ்-எக்ஸ்ட்ரா-ரிமூவபிள் தெரிவு இருக்கிறது. க்ரப்பின் நகல் ஒன்றை /இஎஃப்ஐ/பூட்/பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற பொது இடத்திலும் வைக்கும். விண்டோஸ் பகிராத மெஷினில் இதை எப்போதும் சேர்த்துவிடுவதே உத்தமம். இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -வி ஓட்டி, டெபியன் வரி புதிய பார்ட்டிஷனைச் சுட்டுகிறதா என்று பாருங்கள்.

வெளியே வரும் முன் இன்னொரு வேலை. டேட்டாபேஸ், மெயில், க்ரான் சேவைகளை சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கொண்டு பூட்டி வையுங்கள். சிஎச்ரூட்டுக்குள்ளும் இது வேலை செய்யும். பேக்கப் நாளில் வரிசையில் காத்திருந்த மின்னஞ்சல்கள் மீண்டும் கிளம்புவதையும், பத்து நாள் பழைய டேட்டாபேஸின் மேல் இரவுப் பணிகள் ஓடுவதையும் இது தடுக்கும். பிறகு எக்ஸிட், அமவுன்ட் -ஆர் /எம்என்டி (இந்த ஆர் பெரிய எழுத்து), லைவ் யூஎஸ்பியைக் கழற்றி ரீபூட்.

முதல் பூட்

நின்றுபோகும் இடமே காரணத்தைச் சொல்லும்.

மதர்போர்டு "பூட் டிவைஸ் இல்லை" என்கிறது: பூட் வரியோ பொது இட நகலோ இல்லை, சிஎச்ரூட்டுக்குத் திரும்பி க்ரப் படியைச் செய்யுங்கள். க்ரப் ப்ராம்ப்ட்: சிறிய க்ரப்.சிஎஃப்ஜி தவறான யூயூஐடியைச் சுட்டுகிறது. "அலர்ட்! யூயூஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட். டிராப்பிங் டு எ ஷெல்" என்று வந்து இனிட்ராம்எஃப்எஸ் ப்ராம்ப்டில் நிற்கிறது: அங்கேயே பிஎல்கேஐடி தட்டுங்கள். டிஸ்க் பட்டியலில் வந்தால் யூயூஐடி பொருந்தவில்லை. டிஸ்க்கே வரவில்லை என்றால் டிரைவர் இல்லை, மாட்யூல்ஸ் வரிக்குத் திரும்புங்கள். 90 நொடிக்குப் பின் எமர்ஜென்சி மோடு: எஃப்எஸ்டேப். அதிலும் "ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது" என்று வந்தால், ரூட் பாஸ்வேர்டு வைக்காத சூடோ சிஸ்டம் அது. லைவ் யூஎஸ்பி வழியாகவே திருத்த வேண்டும்.

லாகின் ஆனதும் சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு, அதன்பின் ஜர்னல்சிடிஎல் --பூட் --ப்ரையாரிட்டி=எர்ர். வேறு மெஷினில் மீட்டிருந்தால் முதலில் அடிபடுவது நெட்வொர்க். பழைய மெஷினில் ஈஎன்பி3எஸ்0 என்றிருந்த கார்டு இங்கே ஈஎன்பி4எஸ்0 ஆகியிருக்கும். ஐபி லிங்க் காட்டும் பெயரை /எட்சி/நெட்வொர்க்/இன்டர்ஃபேஸஸ் கோப்பில் மாற்றுங்கள். உபுண்டு சர்வரில் நெட்பிளான் கோப்பு, அதில் பழைய மேக் முகவரி எழுதியிருந்தால் அதையும். பழைய மெஷினும் உயிரோடு ஓடுகிறது என்றால், நெட்வொர்க் கேபிளைச் செருகும் முன் ஐபி முகவரி, மெஷின்-ஐடி, எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகள் மூன்றையும் புதிதாக்கிவிடுங்கள்.

நிரல் கோப்புகள் முழுசாக வந்தனவா என்பதை டிபிகேஜி --வெரிஃபை சொல்லும். வெளியீட்டில் சி என்ற குறி உள்ளவை கட்டமைப்புக் கோப்புகள்; அவை மாறியிருப்பது இயல்பு. யூஎஸ்ஆர் கோப்புறையில் உள்ளவை ஏதும் 5 என்ற குறியோடு வந்தால் அந்தப் பொதியை மறுபடி நிறுவுங்கள்.

டேட்டாபேஸ் தனி வழக்கு

ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்கிரெஸ், மரியாடிபி ஆகியவற்றின் தரவுக் கோப்புகளை டார் எடுத்திருந்தால், அவற்றை நம்ப வேண்டாம். முதல் கோப்பைப் படித்த நொடிக்கும் கடைசிக் கோப்பைப் படித்த நொடிக்கும் இடையே டேட்டாபேஸ் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. சேவை எழுந்து நின்றாலும் உள்ளே அட்டவணைகள் முரண்படலாம். பிஜி_டம்ப்ஆல் அல்லது மரியாடிபி-டம்ப் கோப்பு பேக்கப்பில் இருந்தால், தரவுக் கோப்புறையை வேறு பெயருக்கு மாற்றி, காலி டேட்டாபேஸை உருவாக்கி, டம்ப்பை ஏற்றுங்கள். சரிபார்த்த பிறகு அன்மாஸ்க் செய்து ஒவ்வொரு சேவையாகத் திறந்துவிடலாம், மெயில் கடைசியில்.

டார் அல்லாத பேக்கப்புகள்

ஆர்சிங்க் நகல் என்றால் திருப்பும்போது -ஏ மட்டும் போதாது. ஹார்டு லிங்க், ஏசிஎல், நீட்டிப் பண்புகள் மூன்றுக்கும் முறையே எச், ஏ, எக்ஸ் ஆகிய பெரிய எழுத்துகளும், --நியூமெரிக்-ஐடிஸ் தெரிவும் சேர வேண்டும். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு விட்டுப்போனால், எல்லாம் ஒரு அடுக்கு உள்ளே போய் விழும். அந்த நகல் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் நேரடியாக எடுக்கப்பட்டது என்றால், உரிமைகள் எடுத்த அன்றே போய்விட்டன. சிஸ்டத்தைப் புதிதாக நிறுவி ஹோமை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போர்க் என்ற பேக்கப் கருவி நாம் தற்போது நிற்கும் கோப்புறையில்தான் விரிக்கும், எனவே முதலில் சிடி /எம்என்டி. இதிலும் --நியூமெரிக்-ஐடிஸ் தேவை. மறையாக்கச் சாவி அந்தச் செத்த டிஸ்க்கில் மட்டும் இருந்தால் பேக்கப் இருந்தும் இல்லாததுபோல்தான். டைம்ஷிஃப்ட் இயல்பாக ஹோமைச் சேர்ப்பதில்லை. க்ளோன்ஜில்லா இமேஜ் யூயூஐடி, பூட்லோடர் எல்லாவற்றையும் அப்படியே கொண்டு வரும், ஆனால் இயல்பான முறையில் புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

ஃபெடோராவிலும் ரெட்ஹாட் குடும்பத்திலும் சிஎச்ரூட்டுக்குள் செய்வது மாறும். இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு டிராகட் -எஃப் --ரீஜெனரேட்-ஆல். யூஇஎஃப்ஐ மெஷினில் க்ரப்2-இன்ஸ்டால் ஓட்டக் கூடாது. க்ரப்2-இஎஃப்ஐ-எக்ஸ்64, ஷிம்-எக்ஸ்64 பொதிகளை டிஎன்எஃப் ரீஇன்ஸ்டால் செய்ய வேண்டும். யூயூஐடி மாறியிருந்தால் /பூட்/லோடர்/என்ட்ரீஸ் கோப்புறையில் உள்ள ஒவ்வொரு கோப்பிலும் ரூட்= வரியைப் பாருங்கள். எஸ்இலினக்ஸ் லேபிள்களுக்காக ரூட்டில் .ஆட்டோரீலேபிள் என்ற காலிக் கோப்பை டச் செய்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். மறந்தால் சரியான பாஸ்வேர்டு போட்டும் லாகின் ஆகாது. ரெட்ஹாட் 9-ல் எல்விஎம் இருந்தால், /எட்சி/எல்விஎம்/டிவைசஸ்/சிஸ்டம்.டிவைசஸ் கோப்பில் பட்டியலிட்ட டிஸ்க்குகளை மட்டுமே அது பார்க்கும். புதிய டிஸ்க்கை எல்விஎம்டிவைசஸ் --ஆட்டெவ் கொண்டு சேர்த்த பிறகு டிராகட் ஓட்டுங்கள்.

ஒத்திகைக்கு

இதையெல்லாம் விபத்து நாளில் முதல் தடவையாகச் செய்யாமல், மெய்நிகர் மெஷினில் ஓட்டிப் பார்த்துவிடலாம். விர்ட்-மேனேஜரில் புதிய மெஷின் உருவாக்கும்போது ஃபர்ம்வேரை யூஇஎஃப்ஐ என்று மாற்றுங்கள் (டெபியனில் ஓவிஎம்எஃப் பொதி வேண்டும்). பயாஸில் விட்டால் க்ரப் படியை ஒத்திகை பார்த்ததாகாது. நெட்வொர்க் கார்டை நீக்கிவிடுங்கள், இல்லையேல் அது உங்கள் நிஜ சர்வரின் ஐபியோடு எழும். டிஸ்க் விர்ட்டியோ வகையில் இருக்கட்டும்: பெயர் விடிஏ என்று மாறுவதால், யூயூஐடிக்குப் பதில் எங்காவது டிஸ்க்கின் பெயரையே எழுதி வைத்திருந்தால் அது அங்கேயே பிடிபடும். ஒத்திகையில் குறையாகத் தெரிந்தவற்றை அடுத்த பேக்கப்பில் சேருங்கள்: எஸ்எஃப்டிஸ்க் --டம்ப், பிஎல்கேஐடி, எல்எஸ்பிஎல்கே -எஃப் வெளியீடுகள், இஎஃப்ஐயின் டார், டேட்டாபேஸ் டம்ப், டிபிகேஜி --கெட்-செலெக்‌ஷன்ஸ் பட்டியல். டம்ப்புகளைத் தவிர்த்தால் மற்றவை சில எம்பிக்கு மேல் போகாது.